வருகைக் குறைவும் தண்டனையும்: சென்னையின் 75, டண்டினொங்கின் 80

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளில் 75 சதவீதம். கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 85. துணைவேந்தர் மனம் வைத்தால் அதில் 10 தள்ளுபடி. சென்னை ஐ.ஐ.டி.யிலும் 85. ஹைதராபாத் ஜே.என்.டி.யு.வில் 75, 65 வரை இறங்கியவர் காரணம் காட்டி, கட்டணம் கட்டித் தப்பலாம், அதற்கும் கீழே போனால் டீடெயின், அதாவது அதே பருவத்தில் நிறுத்திவைப்பு. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் 80. மெல்பர்னின் தென்கிழக்கில் உள்ள டண்டினொங்கில் ஆங்கிலப் பயிற்சி வகுப்பில் சேரும் வெளிநாட்டு மாணவருக்கும் 80தான். இங்கே குறைந்தால் விசாவுக்கே ஆபத்து.

எண்ணை மட்டும் பார்த்தால் ஆஸ்திரேலியா தமிழ்நாட்டைவிடக் கறார். தண்டனையைப் பார்த்தாலும் அப்படித்தான்: அங்கே போவது ஒரு பருவம், இங்கே நாட்டில் இருக்கும் உரிமையே போகலாம். ஆனாலும் இரண்டு ஏற்பாடுகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், மாணவனை அதிகம் நசுக்குவது சென்னையின் 75தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சதவீதம் எத்தனை என்பதைவிட, குறைகிறது என்று மாணவனுக்கு எப்போது சொல்கிறார்கள், சொன்ன பிறகு அவன் யாரிடம் போய்க் கேட்கலாம் என்பதே முக்கியம். இந்த இரண்டிலும் இந்தியப் பொறியியல் கல்லூரிகள் வெகுவாகப் பின்தங்கியிருக்கின்றன.

டண்டினொங்கில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் உண்டு. ஃபாஸ்டர் தெருவின் இந்தியக் கடைகளில் மாலை நேரம் நின்றால் தமிழும் தெலுங்கும் பஞ்சாபியும் காதில் விழும். அதில் பாதி மாணவர் பேச்சு. பி.இ., பி.டெக். முடித்து மேற்படிப்புக்கு வந்தவர்கள், சிஷோம் போன்ற தொழிற்கல்வி நிலையங்களிலோ தனியார் கல்லூரிகளிலோ இன்னொரு படிப்பில் சேர்ந்தவர்கள். அவர்களில் சிலருடைய மதிப்பெண் பட்டியலில் ஒரு வருட இடைவெளி இருக்கும். விண்ணப்பிக்கும்போது அந்த இடைவெளிக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்திருக்கும். வருகைக் குறைவைக் குறிக்கும் ‘லேக்’ என்ற ஒற்றைச் சொல்லில் ஊரில் எல்லோருக்கும் புரிந்துவிடுகிற விஷயத்தை வெளிநாட்டு அதிகாரிக்கு இரண்டு பக்கத்தில் எழுதிப் புரியவைப்பது பெரும்பாடு.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஒவ்வொரு மாணவரும் 100 சதவீதம் வருவதே எதிர்பார்ப்பு என்று தொடங்குகிறது. பிறகு இறங்கிவந்து, பருவத்தின் எல்லாப் பாடங்களையும் சேர்த்து 75 இருந்தால் போதும் என்கிறது. 65க்கும் 75க்கும் நடுவே நிற்பவர், நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்தார், விபத்தில் சிக்கினார், விளையாட்டுப் போட்டிக்குப் போனார் என்பதற்குச் சான்றிதழ் கொடுத்தால் தேர்வு எழுதலாம். 65க்குக் கீழே போனவருக்கு வாசல் கிடையாது. தேர்வு எழுத முடியாது, அடுத்த பருவத்துக்கும் போக முடியாது. அடுத்த கல்வியாண்டில் அதே பருவத்தைத் திரும்பப் படிக்க வேண்டும்.

கடைசி வரியில்தான் சங்கதி இருக்கிறது. ஒற்றைப்படைப் பருவம் ஜூலையை ஒட்டித் தொடங்கும், இரட்டைப்படைப் பருவம் டிசம்பர், ஜனவரியில் தொடங்கும். மூன்றாம் பருவத்தில் சிக்கியவருக்கு அடுத்த மூன்றாம் பருவம் வர ஒரு வருடம் ஆகும். தண்டனை ஒரு பருவம் என்று எழுதியிருந்தாலும் அனுபவிப்பது ஒரு வருடம். கல்விக்கடனுக்கு அந்த வருடமும் வட்டி ஓடும். திரும்ப வரும்போது பாடத்திட்டம் மாறியிருந்தால் புதிய ஒழுங்குமுறைக்குள் வந்து கூடுதல் பாடங்கள் எழுத வேண்டிவரலாம். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களில் பல, படிப்பில் இடைவெளி இருக்கக் கூடாது என்று முதல் வடிகட்டலிலேயே கேட்கின்றன.

இதே அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகளில், அதாவது கிண்டி, குரோம்பேட்டை வளாகங்களில், கணக்கு வேறு. அங்கே பாடவாரியாகப் பார்க்கிறார்கள். குறைந்த பாடத்துக்கு மட்டும் வருகைக் குறைவைக் குறிக்கும் ‘எஸ்.ஏ.’ என்று விழும், அந்தப் பாடத்தை மட்டும் ரீடூ செய்தால் போதும். சென்னை ஐ.ஐ.டி.யிலும் வருகைக் குறைவுக்கு விழும் ‘டபிள்யூ’ தரம் அந்தந்தப் பாடத்தோடு நின்றுவிடும். ஒரே நகரத்தில், ஒரே குறைக்கு, கிண்டியில் படிப்பவருக்கு ஒரு பாடம் போகிறது. புறநகரின் தனியார் கல்லூரியில் படிப்பவருக்கு ஒரு வருடம் போகிறது. மொத்தக் கணக்கில் ஒரு சலுகை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும்: ஒரு பாடத்தில் 50 இருந்தாலும் மற்றவை தூக்கிவிடும். ஆனால் கீழே விழுந்தால் எல்லாம் சேர்ந்தே விழும்.

சரி, மாணவனுக்கு எப்போது தெரிகிறது? மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 45 பீரியட். 75 சதவீதத்துக்கு 34 பீரியட் வர வேண்டும், 11 போனால் பரவாயில்லை. எல்லாப் பாடத்திலும் இதே கணக்கு என்று கொண்டு, 20 பீரியட் முடிந்தபோது ஒருவர் 12 வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 60 சதவீதம். மீதி 25இல் 22 வந்தால் கரையேறிவிடலாம். கஷ்டம்தான், முடியாதது இல்லை. அதே 60 சதவீதத்தோடு 30 பீரியட் ஓடிவிட்டால்? வந்தது 18, இன்னும் 16 வேண்டும், மிச்சமிருப்பது 15. அன்றோடு முடிந்தது. இனி ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தாலும் 75 எட்டாது. ஆனால் அன்று யாரும் அவனைக் கூப்பிட்டுச் சொல்வதில்லை. பருவத் தேர்வு நெருங்கி, ஹால் டிக்கெட் தயாராகும் வேளையில் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் அப்பாவை அழைத்து வா, எச்.ஓ.டி.யைப் பார், முதல்வர் அறை வாசலில் நில் என்ற படலம் தொடங்கும். பல கல்லூரிகளில் இப்போது செயலி இருக்கிறது, வராத நாளன்றே வீட்டுக்குக் குறுஞ்செய்தி போகிறது. அந்தச் செய்தி மகன் இன்று வரவில்லை என்று சொல்லும். இன்னும் எத்தனை வகுப்பு போனால் மீளவே முடியாது என்ற கணக்கை அது சொல்லாது.

விழுபவர்கள் எல்லோரும் சினிமாவுக்குப் போனவர்கள் இல்லை. பங்க் அடிப்பவர்கள் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. மாஸ் பங்க் என்பது ஒரு கல்லூரிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. ஆனால் ஒற்றைப்படைப் பருவம் அக்டோபர், நவம்பர் மழையோடும் டெங்குவோடும் மோதுகிறது. அம்மை போட்டால் இரண்டு வாரம். ஊரில் அறுவடை, வீட்டில் ஒரு சாவு, பேருந்து மாறி மாறி வரும் டே ஸ்காலர், முதல் பீரியடுக்குப் பத்து நிமிடம் தாமதம் என்றால் அரை நாள் போட்டுவிடும் ஆசிரியர். எல்லாம் சேர்ந்து, விதி விட்டுவைத்த 25 சதவீதம் கரைவதற்கு அதிக காலம் பிடிக்காது.

விதி ஏற்கும் காரணம் உடம்பு, இல்லாவிட்டால் விளையாட்டு. அதனால் ஊரெங்கும் ஒரு சிறு தொழில் நடக்கிறது. பருவக் கடைசியில் மெடிக்கல் சர்டிபிகேட் கேட்டு வரும் மாணவர்களை எந்தச் சிறுநகர மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் அந்த மாதத்தில் காகிதத்தில் பெருகும். இரவு வேலைக்குப் போய் வீட்டுக்குப் பணம் அனுப்பும் மாணவன் உண்மையான காரணத்தை எழுத முடியாது, இல்லாத காய்ச்சலைத்தான் எழுத வேண்டும். அதைக் கையெழுத்திட்டு வாங்கும் கல்லூரிக்கும் அது பொய் என்று தெரியும். எல்லோருக்கும் தெரிந்த பொய்யின் மேல் நிற்கும் விதிக்கு ஒழுக்கம் கற்பிக்கும் தகுதி எங்கிருந்து வரும்? சான்றிதழ் போதாது, அபராதமும் கட்டு என்று வசூலிக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே வருகைக் குறைவு தண்டனையாக இல்லாமல் வருமானமாகிவிடுகிறது.

வகுப்புக்கு வருவதால் பயன் உண்டா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உண்டு. மார்கஸ் கிரெடே தலைமையில் மூவர் 2010இல் பல பத்தாண்டுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கல்லூரி மதிப்பெண்ணை முன்கூட்டிச் சொல்வதில் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் படிக்கும் பழக்கங்களையும்விட வருகையே வலுவாக நின்றது. ஆனால் வருகையைக் கட்டாயமாக்கியதால் கிடைத்த உயர்வு சிறியது என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. தானாக வருபவன் படிக்கிறவனாகவும் இருக்கிறான். இழுத்து வந்து உட்காரவைத்தால் அதே பலன் கிடைக்காது. எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. கலிஃபோர்னியாவில் கார்லோஸ் டாப்கினும் வேறு இருவரும் செய்த சோதனையில், இடைத்தேர்வில் வகுப்பின் கீழ்ப்பாதியில் வந்தவர்களுக்கு மட்டும் மீதிப் பருவத்தில் வருகையைக் கட்டாயமாக்கினார்கள். அவர்களுடைய இறுதி மதிப்பெண் உயர்ந்தது. கட்டாயம் பலன் தந்த இடத்தைக் கவனியுங்கள்: தடுமாறுபவரைப் பருவத்தின் நடுவிலேயே கண்டு, அவருக்கு மட்டும் விதித்தார்கள். நம் கல்லூரிகள் எல்லோருக்கும் விதித்துவிட்டு, பருவம் முடிந்தபின் எண்ணுகின்றன.

இந்தியாவில் இதைப் பற்றிய மிக அழுத்தமான நீதிமன்றப் பேச்சு பொறியியலில் வரவில்லை, சட்டப் படிப்பில் வந்தது. 2016 ஆகஸ்டில் டெல்லியில் ஒரு சட்ட மாணவர், வருகைக் குறைவால் தேர்வு மறுக்கப்பட்ட பின் உயிரை மாய்த்துக்கொண்டார். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த அந்த வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, ஒன்பது ஆண்டுகள் கழித்து 2025 நவம்பரில் நீதிபதிகள் பிரதிபா சிங், அமித் சர்மா தீர்ப்பளித்தார்கள். வருகை போதவில்லை என்பதற்காக எந்தச் சட்ட மாணவரையும் தேர்விலிருந்து நிறுத்தக் கூடாது. வாரந்தோறும் வருகை நிலையை மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும். மாதந்தோறும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். குறைந்தவர்களுக்குக் கூடுதல் வகுப்பு நடத்த வேண்டும். அப்படியும் எட்டாவிட்டால் மதிப்பெண்ணில் அதிகபட்சம் 5 சதவீதம் குறைத்துக்கொள்ளலாம். இந்திய பார் கவுன்சில் தன் விதிகளைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது நீதிமன்றம். தீர்ப்பு சட்டக் கல்லூரிகளோடு நிற்கிறது. பொறியியல் மாணவன் அதைக் காட்டி ஹால் டிக்கெட் கேட்க முடியாது. ஆனால் வாரம் ஒரு முறை சொல், கூடுதல் வகுப்பு வை, தண்டனையைக் குற்றத்தின் அளவுக்குக் குறை என்ற வரிசையில் சட்டத்துக்கே உரியது எதுவும் இல்லை.

சிறு சிறு விலக்குகளும் வந்திருக்கின்றன. 2023 ஜனவரியில் கொச்சிப் பல்கலைக்கழகம் மாதவிடாயை முன்னிட்டு மாணவிகளுக்கு 2 சதவீதச் சலுகை தந்தது, கேரள அரசு அதை மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் விரித்தது. பேறுகாலத்தில் உள்ள மாணவிகளுக்கு வருகையில் தளர்வு தரும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில் எழுதியது. நல்லவைதான். ஆனால் எல்லாமே எண்ணைக் கொஞ்சம் இறக்கிவைக்கும் வேலைகள்.

இனி ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். இங்கே நிலைமை எப்போதும் சீராக இருந்ததில்லை. 2000ஆம் ஆண்டின் வெளிநாட்டு மாணவர் கல்விச் சேவைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இந்தியாவின் எந்த டீடெயினையும்விடக் கொடியதாக இருந்தது. வருகையோ படிப்பின் முன்னேற்றமோ குறைந்தால் கல்லூரி ஒரு நோட்டீஸ் அனுப்பும். 28 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் நேரில் போய் நிற்காவிட்டால் விசா தானாகவே ரத்தாகிவிடும், எந்த அதிகாரியும் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கவில்லை. வீடு மாறியதால் நோட்டீஸ் கைக்கு வராமல் போனவர்கள் உண்டு. தாங்கள் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கியிருப்பதே தெரியாமல் தங்கியிருந்தவர்கள் உண்டு. 2005இல் ஒரு மாணவர் தொடுத்த வழக்கில், அனுப்பப்பட்டுவந்த நோட்டீஸின் வாசகமே சட்டப்படி சரியில்லை என்று நீதிமன்றம் கண்டது. 2001இலிருந்து ரத்தான ஆயிரக்கணக்கான விசாக்கள் அதனால் செல்லாத ரத்துகள் ஆயின. அதற்குள் பலர் ஊர் திரும்பியிருந்தார்கள்.

நியூ சவுத் வேல்ஸின் முன்னாள் அமைச்சர் மைக்கேல் நைட் 2011இல் கொடுத்த அறிக்கை தானியங்கி ரத்தை நிறுத்தச் சொன்னது. 2013 ஏப்ரல் 13 முதல் அது நின்றது. இன்று கல்லூரி புகார் செய்தாலும், ரத்து செய்யலாமா என்று ஓர் அதிகாரி தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் கல்லூரிகளுக்கான இப்போதைய தேசிய நடைமுறை விதித்தொகுப்பு 2018ஆம் ஆண்டினுடையது. பல்கலைக்கழகத்தில் படிப்பவருக்கு வருகை சதவீதமே கிடையாது, படிப்பில் தேறுகிறாரா என்று மட்டும் பார்க்க வேண்டும். மோனாஷில் பொறியியல் படிக்கும் மாணவர் பதிவு செய்த விரிவுரையை வீட்டிலிருந்து பார்த்தால் யாரும் ஆள் எண்ணுவதில்லை. ஆய்வகத்தையும் பயிற்சி வகுப்பையும் விட்டால்தான் இடிக்கும். 80 சதவீதம் பள்ளிக்கும் ஆங்கிலப் பயிற்சிக்கும் பொருந்தும், தொழிற்கல்வியில் கட்டுப்பாட்டு அமைப்பு கேட்டால் பொருந்தும். அங்கும், இரக்கத்துக்குரிய காரணம் காட்டி 70 வைத்திருப்பவரைப் பற்றிப் புகார் செய்யாமல் கல்லூரி விட்டுவிடலாம். 80க்குக் கீழே போகும் அபாயம் தெரிந்தவுடனே கல்லூரி தலையிட்டாக வேண்டும். முந்தைய 2007ஆம் ஆண்டு விதித்தொகுப்பு இன்னும் வெளிப்படையாக, அனுமதியில்லாமல் தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் வராதவரைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னது. புகார் செய்யும் முன் எழுத்தில் அறிவிப்பு, அதிலிருந்து மேல்முறையீட்டுக்கு 20 வேலை நாள், கல்லூரியே மறுத்தால் வெளியே உள்ள குறைகேள் அதிகாரியான ஒம்புட்ஸ்மனிடம் போகும் வழி. இவை முடியும்வரை புகார் போகக் கூடாது.

இந்தியாவிலும் காகிதத்தில் ஒம்புட்ஸ்மன் உண்டு. மாணவர் குறைதீர்ப்புக்கான 2023ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒருவரை நியமிக்க வேண்டும். நியமிக்காத பல்கலைக்கழகங்களின் நீண்ட பட்டியலை மானியக் குழுவே 2024 ஜனவரியில் வெளியிட்டது. நியமித்த இடத்திலும், வருகைக் குறைவால் தேர்வு மறுக்கப்படும் மாணவன் அவரைத் தேடிப் போவதற்குள் தேர்வு முடிந்துவிடும். மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கும் வரி அங்கே இல்லை. இங்கே இருக்கிறது.

டண்டினொங் ஏற்பாட்டைப் புகழ்ந்து தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை. தொழிற்கல்வியில் வருகையைப் பார்க்காமல் விட்டதன் விளைவாகப் பேய்க் கல்லூரிகள் முளைத்தன: மாணவர் பெயர் இருக்கும், வகுப்பு இருக்காது, எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். செயல்படாமல் கிடந்த 150 நிறுவனங்களை அரசு 2024 ஆகஸ்டில் மூடியது. தமிழ்நாட்டில் வேறு வகைப் பேய் அகப்பட்டது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்கு காட்டப்பட்டுள்ளதை அம்பலப்படுத்தியது. அப்படி 350க்கு மேற்பட்ட பெயர்கள். மாணவனுக்கு 75 கேட்ட கட்டடங்களில் ஆசிரியரின் வருகையை யார் குறித்தார்கள் என்று அப்போது யாராவது கேட்டிருக்கலாம்.

விதி மாறும்வரை மாட்டிக்கொண்டவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அது முக்கியம். செயலி காட்டும் சதவீதத்தை நம்பாமல், பாடவாரியாகப் போன பீரியடை எண்ணி வைப்பது. ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தைப் போட்டி முடிந்த வாரமே பதிவில் ஏற்ற வைப்பது. பருவக் கடைசியில் தேடினால் கையெழுத்திட்டவரே மாறியிருப்பார். நோய் வந்தால், குணமான பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்காமல், படுத்திருக்கும்போதே மின்னஞ்சலில் தெரிவிப்பது. அந்தத் தேதி பிறகு சான்றாகும். தேர்வு மறுக்கப்பட்டால் எந்த விதியின் எந்தப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் கேட்பது. 65க்கும் 75க்கும் நடுவே இருப்பவருக்கு விதி தந்திருக்கும் வாசலை, அபராதம் கட்டினால்தான் திறப்போம் என்று யாராவது சொன்னால் ரசீது கேட்பது. பருவம் போயே போய்விட்டதென்றால், எந்த ஒழுங்குமுறையில் திரும்பச் சேர்ப்பார்கள், எத்தனை பாடம் கூடும் என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்வது.

ஆஸ்திரேலியா வர நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1989இல் கையெழுத்தான வாஷிங்டன் உடன்படிக்கையில் ஆஸ்திரேலியா தொடக்கத்திலிருந்தே உறுப்பு. இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியம் 2014இல் முழு உறுப்பானது. அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவில் படித்தவரின் பட்டத்தை இங்கே பொறியாளர் அமைப்பு சமமாக ஏற்கும். மற்றவர்கள் தங்கள் அனுபவத்தை மூன்று கட்டுரைகளாக எழுதித் திறனை நிறுவ வேண்டும். இரண்டு வழியிலும் கேட்பது என்ன செய்யத் தெரியும் என்பதைத்தான், எத்தனை நாள் வகுப்பில் உட்கார்ந்தாய் என்பதை அல்ல. ஒரே உடன்படிக்கையின் கீழ் மோனாஷ் வருகை எண்ணாமலே பொறியாளரை உருவாக்குகிறது என்றால், 75 இல்லாவிட்டால் தரம் போய்விடும் என்ற வாதத்துக்கு வலு குறைவு.

இரண்டு நாடும் ஒரே மாதிரி கண்ணை மூடிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இங்கே ஏற்கப்படும் காரணங்கள் கடும் நோய், நெருங்கிய உறவின் மரணம், சொந்த நாட்டில் பேரிடர், மனதைக் குலைக்கும் அனுபவம் என்று போகும். அங்கே மருத்துவமனையும் விளையாட்டும். கூலி வேலை எதிலும் இல்லை. ஆஸ்திரேலியாவிலோ, வெளிநாட்டு மாணவர் படிப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்று 2023 ஜூலையிலிருந்து சட்டமே அனுமதிக்கிறது. டண்டினொங் சவுத்தின் கிடங்குகளில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் காலை வகுப்பில் தூங்கும் பையனை யாரும் காரணத்தோடு வந்தவனாக எண்ணுவதில்லை. ஒரே ஆறுதல், இங்குள்ள கல்லூரிகள் பல, வகுப்பை இரண்டு மூன்று நாளில் திரட்டி வைக்கின்றன, மாலை வகுப்பும் தருகின்றன. தமிழ்நாட்டில் பகுதிநேர பி.இ. இருக்கிறது, மாலையில் நடக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்திலும் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் அதைப் படித்து உயர்ந்தவர்கள் ஏராளம். ஆனால் அதில் சேர டிப்ளமா வேண்டும். பிளஸ் டூ முடித்து, இரவில் உணவு டெலிவரி ஓட்டி, பகலில் முழுநேர பி.இ. படிப்பவனுக்கு அந்த மாலை வகுப்பில் இடம் கிடையாது.